பெரியப்பாவுக்கு விற்றமின் சி குறைபாடு போல இருக்கிறது: இரத்தப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

வணக்கம். கோண்டாவிலில் தனியாக இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 68. தைப்பொங்கலுக்குப் பிறகு முரசு வீங்கி, பல் துலக்கினாலே இரத்தம் வருகிறது. அடிபடாமலே கால்களில் கன்றிய நீலத் தடங்கள். கெண்டைக்காலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். முழங்கால் நோ, கடும் களைப்பு.

பல் வைத்தியரிடம் சுத்தம் செய்து, வாய் கொப்பளிக்கும் மருந்தும் பாவித்தாயிற்று, குறையவில்லை. பிளேட்லெட், இரத்தம் உறையும் நேரம், சீனி, ஈரல் எல்லாம் சரி. இரத்தத்தை ஐதாக்கும் மருந்து எதுவும் எடுப்பதில்லை.

பெரியம்மா போன பிறகு அவருக்குப் பாணும் பருப்பும் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. நெஞ்செரிவு என்று தேசிக்காய், தோடம்பழம், தக்காளி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். இதைக் கேட்டதும்தான் வைத்தியர் ஸ்கேர்வியாக, அதாவது விற்றமின் சி குறைபாட்டால் வரும் நோயாக இருக்கலாம் என்றார். ஆணுக்கு நாளுக்கு 90 மில்லிகிராம் விற்றமின் சி போதும். 100 கிராம் கொய்யாப்பழத்திலேயே 200 அளவில் உண்டு. அவர் வளவில் கொய்யா பழுத்து விழுகிறது, பார்க்க மனம் பொறுக்கவில்லை.

முன்பு சிறுநீரகக் கல் இருந்ததால், அதிக அளவு குளிசை தொடங்கும் முன் இரத்தத்தில் விற்றமின் சி அளவைப் பார்க்கச் சொல்கிறார் வைத்தியர். குளிசை போட்டால் அளவு சட்டென்று ஏறிவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. எடுத்த இரத்தத்தை வெளிச்சம் படாமல் குளிரில் வைக்கவும் வேண்டுமாம். நான் விசாரித்த ஆய்வுகூடங்களில் இது இல்லை என்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்யும், அல்லது இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பும் ஆய்வுகூடம் எது?