யாருக்காகக் கைதட்டினோம்? வெஸ்டர்ன் (கௌபாய்) பட ஆன்டி-ஹீரோக்கள் – அனுபவப் பகிர்வு

மேட்னி ஷோ:
ஒருத்தன் அயோக்கியன் என்று தெரிந்தே அவன் ஜெயிக்கணும் என்று உட்கார்ந்திருப்போம். திடீரென்று ஒரு காட்சியில் நமக்கே கூச்சமாகிவிடும். உங்களுக்கு அப்படி ஆன காட்சியைச் சொல்லுங்கள். மாஸ் சீன் பட்டியல் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கிளைமாக்ஸ் எல்லாம் பேசுவோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

என்னுடையது 'அன்ஃபர்கிவன்' (1992). கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் வில்லியம் மன்னி, ஒரு காலத்தில் பெண், குழந்தை என்று பார்க்காமல் கொன்றவன். இப்போது சீக்கு வந்த பன்றிகளோடு சேற்றில் புரள்கிறான். தகர டப்பாவைக் குறிபார்த்துக் கைத்துப்பாக்கியால் சுடுகிறான், ஒன்றுகூடப் படவில்லை. உள்ளே போய் ஷாட்கன்னை எடுத்துவந்து டப்பாவைத் தூள் பண்ணுகிறான். குதிரையில் ஏறத் தெரியாமல் விழுகிறான். ஐயோ பாவம் என்று அவன் பக்கம் சாய்ந்தாயிற்று.

ஒரு விலைமாதின் முகத்தைக் கிழித்த இரண்டு பேரைக் கொன்றால் பரிசு என்று கேட்டுத்தான் கிளம்புகிறான். அதில் ஒருவன் அந்தப் பையன் டேவி. முகத்தைக் கிழித்தது அவன் இல்லை, அவன் கூட்டாளி. அவளுக்கென்று நல்ல குதிரையாகப் பார்த்துத் தனியாகக் கொண்டுவந்தவன் வேறு. வயிற்றில் குண்டோடு பாறை மறைவில் கிடந்து தண்ணீர், தண்ணீர் என்று அரற்றுகிறான். சுட்ட மன்னியே, "அவனுக்குத் தண்ணி குடுங்கடா, நாங்க சுடமாட்டோம்" என்று மேலிருந்து கத்துகிறான். கடைசியில் மழை இரவில் சலூனுக்குள் நுழைந்து மன்னி முதலில் சுடுவது ஆயுதமே இல்லாத கடைக்காரனை. நான் "அப்படிப் போடு" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி, "தண்ணி கேட்டானே அந்தப் பையன், அவனைக் கொன்னதும் இதே ஆளுதானே?" என்றாள். அதற்கப்புறம் அந்தக் காட்சியை விசிலடித்துப் பார்க்க முடிந்ததில்லை.

கழுகுப்பாறை:
'தி சர்ச்சர்ஸ்' (1956). இதை விட்டால் இந்தப் பேச்சே இல்லை.

ஜான் வெய்ன் என்றால் அமெரிக்காவுக்கே அண்ணன் மாதிரி. அவரை வைத்து இயக்குநர் ஜான் ஃபோர்டு செய்த காரியம் சாதாரணமானதல்ல. ஈதன் எட்வர்ட்ஸ், உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்து ஆள். சகோதரன் குடும்பத்தைக் கொமாஞ்சிப் பழங்குடியினர் கொன்றுவிட்டார்கள், சின்ன மகள் டெபியைத் தூக்கிப்போய்விட்டார்கள். அவளைத் தேடி வருஷக்கணக்கில் அலைகிறான். நாமும் கூடவே அலைகிறோம். வழியில் கல்லை மூடிப் புதைத்திருந்த ஒரு கொமாஞ்சியின் உடலைப் பார்க்கிறார்கள். ஈதன் துப்பாக்கியை எடுத்துச் செத்தவனின் இரண்டு கண்களையும் சுடுகிறான். இதனால் என்ன பிரயோஜனம் என்று பாதிரியார் கேட்கிறார். உங்கள் போதனைப்படி ஒன்றுமில்லை, ஆனால் கண் இல்லாதவன் ஆவியுலகம் சேரமுடியாமல் காற்றுகளுக்கு நடுவே அலையவேண்டும் என்பது இவர்கள் நம்பிக்கை என்கிறான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது சுட்டதில் இல்லை. அந்த மக்களின் நம்பிக்கையை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு வெறுக்கிறானே, அதில்தான். தெரியாமல் வெறுப்பவனைத் திருத்திவிடலாம் என்று நினைப்போம், இவனை என்ன செய்வது? வளர்ந்துவிட்ட டெபி இனி நம்மவள் இல்லை, கொன்றுவிட வேண்டியதுதான் என்பதுதான் அவன் முடிவு. அவனைத் தடுக்கத்தான் அந்தக் குடும்பத்தின் வளர்ப்புப் பிள்ளை மார்ட்டின் கூடவே ஒட்டிக்கொண்டு போகிறான். பாதிப் படத்துக்கு மேல்தான் இது உறைக்கும். அதுவரை ஈதன் சீக்கிரம் கண்டுபிடிக்கணுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

சுருட்டுச்சாமி:
நம்ம ஓட்டு 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964)தான். இயக்குநர் லியோனே, ஹீரோ ஈஸ்ட்வுட், ஸ்பெயின் பொட்டல், போன்சோ போர்வை, சுருட்டு. கழுதையைப் பார்த்துச் சிரிச்சதுக்கு நாலு பேரைப் போடுறான், அதெல்லாம் ஜாலி. ஆனா செத்த ரெண்டு சிப்பாய்களைத் தூக்கிட்டுப் போய் இடுகாட்டுல கல்லறையில சாய்ச்சு உட்காரவெச்சு, "சாட்சி உயிரோட இருக்கு"ன்னு ஊர்ல மோதிக்கிட்டிருக்கிற ரெண்டு கோஷ்டிக்கும் தகவல் வித்துக் காசு பார்ப்பான் பாருங்க, அங்கதான் இவன் எந்தக் கணக்குலயும் நல்லவன் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது. புரிஞ்சும் ரசிச்சேன், பொய் சொல்லக் கூடாது.

இந்தக் கூச்சம் அமெரிக்க டிவிக்காரனுக்கும் இருந்திருக்கு. 1970கள்ல இதை ஒளிபரப்பும்போது முன்னாடி ஒரு துண்டுக்காட்சியை எடுத்துச் சேர்த்தாங்க. ஜெயில் அதிகாரியா ஹாரி டீன் ஸ்டான்டன். "அந்த ஊரைச் சுத்தம் பண்ணு, உனக்கு விடுதலை"ன்னு நம்ம ஆளை அனுப்புவார். ஈஸ்ட்வுட் அதுல நடிக்கலை, போன்சோ மாட்டின டூப்பை மூஞ்சி தெரியாம காட்டி ஒப்பேத்திட்டாங்க. அவன் காசுக்காக வந்தவன்ங்கறதை அவங்களால தாங்க முடியலை. அந்தத் துண்டோட பார்த்தா படம் சப்புன்னு போயிடும்.

நீலக்கண்:
'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968), ஹென்றி ஃபோண்டா அந்தச் சின்னப் பையனைச் சுடுவது?

கழுகுப்பாறை:
அவன் முழு வில்லன் ஐயா. அவன் ஜெயிக்கணும் என்று யாரும் உட்காரவில்லை. ஃபோண்டா பழுப்பு லென்ஸும் மீசையும் ஒட்டிக்கொண்டு வந்தார், அந்த நல்லவனின் நீலக் கண்தான் வேண்டும் என்று லியோனே கழற்றச்சொல்லிவிட்டார். அருமையான விஷயம், ஆனால் வேறு இழைக்கு.

சிவகாசி சந்தாதாரர்:
லயன், முத்து காமிக்ஸ் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. அதில் வரும் கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் அடித்தால் தர்ம அடி. இன்னொரு ஹீரோ கேப்டன் டைகர் அப்படியா? உடைந்த மூக்கு, சீட்டாட்டம், குடி, மேலதிகாரி சொல்வது எதையும் கேட்காத திமிர். டெக்ஸ் கட்சியா, டைகர் கட்சியா என்று சண்டை போட்டு வளர்ந்தோம்.

அந்த டைகர் புத்தியோடுதான் 'தி நேக்கட் ஸ்பர்' (1953) பார்த்தேன். சாதுவாகவே பார்த்துப் பழகிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட், இதில் 5,000 டாலர் பரிசுக்காக ஒருவனைப் பிடித்துக்கொண்டு போகிறவர். கடைசியில் அவன் பிணத்தை ஆற்றிலிருந்து கயிறு கட்டி இழுக்கிறார். பிணமானாலும் காசு உண்டு. ஜேனட் லீ எதிரில் நிற்க, "கொண்டுபோகத்தான் போகிறேன்" என்று கத்திக்கொண்டே உடைந்து அழுகிறார். கொண்டுபோய்விடு, இவ்வளவு பாடுபட்டாயே என்று அந்த நேரத்தில் மனசுக்குள் நினைத்தேன். அவர் புதைத்தார்.

வாஷர் மூட்டை:
'தி வைல்ட் பன்ச்' (1969). வயதாகிப்போன ஒரு கொள்ளைக் கூட்டம், முதல் கொள்ளையில் ஊர்வலம் போன பொதுமக்கள் நடுவிலேயே சுட்டுத்தள்ளிவிட்டு வருகிறார்கள். மூட்டையைப் பிரித்தால் வெள்ளி இல்லை, இரும்பு வாஷர். கொஞ்ச நேரத்தில் அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டேன், தெருவில் கிடந்த பிணங்கள் அதற்குள் மறந்துபோயிற்று. இயக்குநர் பெக்கின்பா அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

கிளைமாக்ஸில் நாலு பேரும் சாவை நோக்கி நடந்துபோகும் அந்தக் கடைசி நடையை, மெக்சிகோ தளபதி மாபாச்சியிடம் பிடிபட்ட தோழன் ஏஞ்சலுக்காக என்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு ஒப்பில்லை. ஏஞ்சலைக் காரில் கட்டி இழுத்தபோது பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தானே? மறுநாள் கூட்டத்தலைவன் பைக் "போகலாம்" என்கிறான், கூட்டாளி லைல் கோர்ச் "ஏன் கூடாது?" என்கிறான். பேச்சு அவ்வளவுதான்.

மேட்னி ஷோ:
தோழனுக்காக இல்லையென்றால் எதற்குப் போனார்கள்?

வாஷர் மூட்டை:
வேறு போக்கிடம் இல்லை. கதை நடப்பது 1913, கார் வந்துவிட்டது, மெஷின் கன் வந்துவிட்டது. போனது ஏஞ்சலுக்காகத்தான் என்றால் முந்தின நாளே போயிருக்கணும்.

சுருட்டுச்சாமி:
முந்தின நாள் போதையில இருந்தாங்க பாஸ்.