திரையில் ஒரு கையெழுத்து, ஆபீஸில் முப்பது நாள்

சினிமாவும் சீரியலும் காட்டும் கல்யாணம், விவாகரத்து போன்ற காட்சிகளில் எது நிஜத்தோடு ஒட்டவில்லை என்று சேலம் பக்கத்துக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள்.

அஸ்தம்பட்டி, வக்கீல் குமாஸ்தா:

படத்தில் காதலர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ரிஜிஸ்டர் ஆபீஸுக்குள் போகிறார்கள். நண்பன் மாலையோடு நிற்கிறான். கையெழுத்து, கைதட்டல், வெளியே வந்தால் பெண்ணின் அப்பா வண்டி. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிற ஊர் இது. திரையில் பார்த்ததை நம்புகிற பழக்கம் இங்கே ஆழமானது. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று நம்பி, கையில் ஒரு பையோடு கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

மதம் வேறானாலும் மணக்க வழிசெய்யும் 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததும் ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபணைக்கு 30 நாள். அது கழிந்த பிறகுதான் மூன்று சாட்சிகளுடன் கல்யாணம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெயரும் முகவரியும் ஊர் பார்க்கச் சுவரில் தொங்குகிற அந்த முப்பது நாள்தான் உண்மையான ஆபத்து. கதை எழுதுகிறவர்கள் அந்தச் சுவரை ஒருமுறை காட்டினால் போதும், துரத்தல் காட்சியே வேண்டாம்.

இருவரும் இந்துக்கள், சாதி மட்டும் வேறு என்றால் இந்தச் சட்டத்துக்கே போக வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவு போதும்: புரோகிதர் தேவையில்லை, மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் செல்லும். வக்கீல் முன்னிலையிலும் நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாக்கியது.

சூரமங்கலம், பத்திர எழுத்தர்:

குமாஸ்தா அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணம் எந்த முறையில் நடந்தாலும் 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை நேரம் உண்டு. வேலை பெரும்பாலும் தடுக்கி நிற்பது வயதுச் சான்றில். படத்து நாயகி புறப்படும்போது ஒரு புடவையும் அம்மா போட்டோவும் எடுத்துக்கொள்கிறாள். பள்ளிச் சான்றிதழ் அப்பாவின் பீரோவிலேயே இருக்கிறது. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 என்று காகிதத்தில் காட்டாமல் கவுன்ட்டரில் எதுவும் நகராது. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல் இருந்தாலும் அலைச்சல்தான்.

ஃபேர்லேண்ட்ஸ், குடும்பநல வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்:

சினிமாவைவிட சீரியல்தான் அதிகம் கெடுக்கிறது, தினமும் வீட்டுக்குள் வருவதால். கணவன் பேப்பரை நீட்டுகிறான், அவள் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறாள், மறுநாள் எபிசோடில் விவாகரத்தே ஆகிவிட்டது. அந்தக் காகிதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. பரஸ்பர சம்மதம் என்றாலும் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தை, தக்க காரணம் இருந்தால், நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பாணை கையில் வரும்வரை அவர்கள் கணவன் மனைவிதான். வீட்டில் போட்ட கையெழுத்தை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் அது குற்றம்.

இதைவிட மோசம் கட்டாயத் தாலி. மண்டபக் குழப்பத்தில் எவனோ கட்டிவிடுகிறான். அடுத்த முந்நூறு எபிசோடு அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், கடைசியில் காதலும் வந்துவிடுகிறது. சட்டம் சொல்வது வேறு. மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கிய கல்யாணத்தை ரத்து செய்யும்படி இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் கேட்கலாம். ஆனால் மிரட்டல் ஓய்ந்த ஓராண்டுக்குள் மனு போயிருக்க வேண்டும். மிரட்டல் ஓய்ந்த பிறகு முழு மனதோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைந்துபோகும். “கொஞ்ச நாள் இருந்து பாரும்மா, மனசு மாறும்” என்று திரையில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி அந்த ஓராண்டைத்தான் தின்கிறது.

அம்மாபேட்டை:

மேடம், அடிபட்ட மருமகள் பெட்டியோடு வாசலைத் தாண்டும் காட்சி?

ஃபேர்லேண்ட்ஸ்:

அதுவும் தப்பு. வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு; 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்திவிட்டது. பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் முன் மனு போனால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள். வெளியேறித்தான் ஆக வேண்டும் என்றால் நகைக்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

ஏற்காடு:

மலையில் கதை வைத்தால் உடனே இறகு, ஈட்டி, புரியாத பாஷை. சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினர் பேசுவது தமிழ். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்கிறார்கள். மலையில் வாழ்பவர் என்பதுதான் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

குழந்தைத் திருமணக் காட்சியிலும் ஒரு குறை. தாலி ஏறும் நொடியில் “நிறுத்துங்க” என்று போலீஸ் வருவதோடு படம் முடிகிறது. அவ்வளவு தூரம் போகவிடக் கூடாது. பத்திரிகை அடித்த அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். மாஜிஸ்திரேட் தடையாணை கொடுக்கலாம், அதை மீறி நடந்த கல்யாணம் செல்லவே செல்லாது. தடையாணை இல்லாமல் நடந்துமுடிந்திருந்தாலும், 20 வயது நிறைவதற்குள் அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.