ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் முதியவர்களோடு நடக்க ஏற்ற எளிய பாதைகள் எவை?

கேள்வி

வணக்கம். நாங்கள் வடக்கு வர்ஜீனியாவில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் பெற்றோரையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, அக்டோபர் நடுவில் ஒரு நாள் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்குச் சென்றுவர எண்ணியுள்ளோம். அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நிறையப் படித்தவர்; ஜான் பிரவுனின் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று இங்கு வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. சமதளத்தில் நிதானமாக ஒரு மணி நேரம் நடப்பார். ஆனால் படி இறங்குவது அவருக்கு மிகவும் சிரமம்.

யாரைக் கேட்டாலும் மேரிலாண்ட் ஹைட்ஸ் உச்சிக்குப் போகச் சொல்கிறார்கள். அது எங்களுக்கு ஒத்துவருமா? இல்லையென்றால், ஆற்றையும் பழைய ஊரையும் பார்த்தபடி நடக்கத்தக்க எளிய தடங்கள் எவை? காரைத் தவிர்த்து ரயிலில் வர முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

மேரிலாண்ட் ஹைட்ஸை இந்த முறை விட்டுவிடுங்கள். ஆற்றோரப் பழைய ஊரான கீழ்நகரிலிருந்து பாறை முகப்புக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ நாலரை மைல் ஆகும். அதில் பெரும்பகுதி விடாத ஏற்றம், கடைசிப் பகுதி கற்கள் துருத்திய இறக்கம். அங்கிருந்து தெரியும் காட்சி புகழ்பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள மலை ஏறியே ஆக வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை. பொட்டோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடுகிற தண்ணீர்தான் இங்கே ஆலையையும், அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையான ஆயுதச் சாலையையும், கால்வாயையும், ரயிலையும் வரவழைத்தது. வெள்ளமாக வந்து ஊரை அழித்ததும் அதே தண்ணீர்தான். அதன் ஓரமாகச் செல்லும் பாதைகள் அனைத்தும் ஏறக்குறையச் சமதளமானவை.

கீழ்நகரில் கார் நிறுத்த இடம் மிகக் குறைவு என்பதால் மேலேயுள்ள பூங்கா வரவேற்பு மையத்தில் நிறுத்திவிட்டு, நுழைவுக் கட்டணத்திலேயே அடங்கிய ஷட்டில் பேருந்தில் இறங்குவது நல்லது. இறங்கியதும் ஆறுகள் கூடும் முனைக்குச் செல்லுங்கள். நீங்கள் நிற்பது மேற்கு வர்ஜீனியா, பொட்டோமாக்கின் எதிர்க்கரை மேரிலாண்ட், ஷெனண்டோவாவுக்கு அப்பால் உயரும் மலைமுகடு வர்ஜீனியாவின் எல்லை. 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகும் வரை இந்த ஊரும் வர்ஜீனியாவில்தான் இருந்தது. ஆற்றின் நடுவே மேலே எதையும் தாங்காமல் நிற்கும் கல்தூண்கள், 1936ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்ற பாலங்களின் மிச்சம்.

உங்கள் தந்தையார் தேடும் கோட்டை அங்கிருந்து சில நிமிட நடைதான். பெயர்தான் கோட்டை, உண்மையில் அது ஆயுதச் சாலையின் தீயணைப்பு வண்டிகள் நின்ற சிறிய செங்கல் கட்டடம். 1859 அக்டோபர் 16 இரவு, அடிமைமுறையை ஒழிக்கும் நோக்கோடு ஆயுதச் சாலையைக் கைப்பற்றிய ஜான் பிரவுனும் எஞ்சிய தோழர்களும் இதற்குள் அடைபட்டு, 18ஆம் தேதி காலையில் ராணுவ அதிகாரி ராபர்ட் ஈ. லீயின் தலைமையில் வந்த மரைன் படை வீரர்களிடம் பிடிபட்டார்கள். பின்னர் அந்தக் கட்டடம் பிரித்தெடுக்கப்பட்டு 1893 உலகக் கண்காட்சிக்காகச் சிகாகோ வரை சென்று, 1895இல் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கும் 1909இல் கறுப்பின மாணவர்களுக்காக இங்கே இயங்கிய ஸ்டோரர் கல்லூரி வளாகத்துக்கும் மாறி, 1968இல்தான் கீழ்நகருக்குத் திரும்பியது. முதலில் நின்ற இடத்தை இப்போது ரயில் பாதைக்கான மண்மேடு மூடியிருக்கிறது. அதன்மீது ஓர் அடையாளத் தூண் உண்டு.

அடுத்து விர்ஜினியஸ் தீவு. உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்லக்கூடிய தடம் இதுதான். ஷெனண்டோவா தெரு வழியாக மேற்கே நடந்தால், ஆற்றுக்கும் பழைய வாய்க்காலுக்கும் நடுவே மரநிழலில் ஏறத்தாழ ஒரு மைல் சுற்று. பருத்தி ஆலை, மாவு ஆலை, தொழிலாளர் வீடுகள் எல்லாம் நெருங்கியிருந்த அந்தத் தீவில் இன்று அடித்தளச் சுவர்களும், சக்கரங்களைச் சுழற்ற நீர் புகுந்த வளைவுகளும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. இன்னும் சற்று மேற்கே ஹால் தீவில் ஜான் ஹால் என்பவர், எந்தத் துப்பாக்கியின் உறுப்பையும் மற்றொன்றில் பொருத்தலாம் என்ற அளவுக்குத் துல்லியமாக இயந்திரத்தால் துப்பாக்கிகள் செய்தார். பாதை மண்ணும் சரளையும் கலந்தது. வேர்கள் துருத்திய சில இடங்களில் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரயிலைப் பொறுத்தவரை, நிலையம் கீழ்நகரிலேயே இருந்தாலும் மார்க் ரயில் வார நாட்களில் மட்டும், காலையில் வாஷிங்டனுக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவோருக்காக ஓடுவது. எனவே ஒரு நாள் பயணத்துக்குக் காரே பொருத்தம்.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதோடு கால்வாய்க் கரைப்பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். கோவேறு கழுதைகள் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற பாதை அது. ஆகையால் ஏற்றமே கிடையாது. ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாண்ட் வரை 184.5 மைல் நீளும் இந்த செசபீக் - ஒஹாயோ கால்வாயின் பணியும், அதனோடு போட்டியிட்ட பால்டிமோர் - ஒஹாயோ ரயில் பாதையின் பணியும் 1828 ஜூலை 4 அன்று ஒரே நாளில் தொடங்கின. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இரண்டும் பொட்டோமாக்கின் இரு கரைகளிலிருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதை உங்கள் தந்தையார் மிகவும் விரும்புவார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஊரிலிருந்து ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலம் வழியாக ஆற்றைக் கடப்பது எளிது, காட்சியும் அருமை. மறுகரையில் கீழே இறங்க இரும்புச் சுழற்படிகள் இருக்கின்றன. உங்கள் அம்மா பாலத்தின் நடுவரை வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். மற்றவர்கள் இறங்கி, நீரோட்டம் செல்லும் திசையில் விரும்பிய தூரம் நடந்துவிட்டு வரலாம். அங்கே மரங்களில் தெரியும் வெள்ளைப் பட்டைகள் அப்பலாச்சியன் தடத்தின் குறிகள்; அந்த நெடுந்தடம் வீவர்ட்டன் பக்கம்வரை ஏறத்தாழ மூன்று மைல் இந்தக் கரைப்பாதையோடு சேர்ந்தே செல்கிறது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை போகும் தடத்தில் தானும் நடந்தேன் என்று உங்கள் மகள் பள்ளியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜெஃபர்சன் பாறையை நான் அம்மாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தூரம் குறைவுதான், ஆனால் பாறையிலேயே வெட்டிய தேய்ந்த படிகள், புனித பீட்டர் தேவாலயத்தைத் தாண்டிய பின் செங்குத்தான கற்பாதை. 1783இல் அங்கு நின்று பார்த்த தாமஸ் ஜெஃபர்சன், இக்காட்சிக்காக அட்லாண்டிக் கடலைத் தாண்டி வருவதும் தகும் என்று எழுதினார். அப்பாவும் மகளும் மட்டும் போய்வரலாம். பாறையின்மீது ஏற அனுமதி இல்லை.

மறுமொழி 3

இருவர் சொன்னதும் சரியே. இருந்தாலும் உயரத்திலிருந்து பார்க்கும் காட்சியை அம்மா முற்றிலும் இழக்க வேண்டியதில்லை. பொலிவார் ஹைட்ஸுக்குக் காரிலேயே செல்லலாம். புல்வெளி, பீரங்கிகள், மெல்லிய ஏற்ற இறக்கமுள்ள பாதைகள், தொலைவில் மலைகளைப் பிளந்து செல்லும் ஆற்றின் இடைவெளி. 1862 செப்டம்பரில் தென்புலத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் சுற்றிலும் உள்ள உயரங்களைப் பிடித்துப் பீரங்கிகளை நிறுத்தியதும், கிண்ணத்தின் அடியில் அகப்பட்டதுபோல் இருந்த 12,000க்கும் மேற்பட்ட வடபுலப் படையினர் சரணடைய நேர்ந்தது. அது ஏன் தவிர்க்க முடியாததாயிற்று என்பது இங்கு நின்றால் உடனே விளங்கும்.

அதைவிடவும் நான் வற்புறுத்துவது மர்ஃபி பண்ணையை. முதல் மறுமொழியில் குறிப்பிட்ட பண்ணை இதுதான். தனிக் கார் நிறுத்துமிடம் உண்டு. வயலோரமாக ஒரு மைலுக்கும் குறைவான சுற்றுப்பாதை, ஷெனண்டோவா பள்ளத்தாக்கை நோக்கிய முகப்பு, கோட்டை நின்றிருந்த அடித்தளம். 1906 ஆகஸ்டில், டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் உள்ளிட்ட, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய நயாகரா இயக்கத்தினர் ஸ்டோரர் கல்லூரியில் மாநாடு கூடியபோது, விடியற்காலையில் இங்கே நடந்து வந்து, காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தக் கட்டடத்தை வலம் வந்தார்கள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்துக்கு வருவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். வெயிலில் நிழல் குறைவு. தொப்பியும் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. காலையில் கீழ்நகரும் விர்ஜினியஸ் தீவும், மாலையில் மர்ஃபி பண்ணையும் என்று முடிவு செய்திருக்கிறோம். முந்தைய நாள் மழை பெய்தால் தீவுக்குள் போகலாமா? மகள் ஆற்றில் கால் நனைக்க ஆசைப்படுகிறாள்.

மறுமொழி 1

பெருமழைக்குப் பின் தீவின் தாழ்வான பகுதிகளில் நீர் ஏறிவிடும். புறப்படும் முன் பூங்காவின் இணையதளத்தில் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். பாதை மூடியிருந்தால் வரிசையை மாற்றிப் பொலிவார் ஹைட்ஸிலிருந்து தொடங்கலாம். ஆற்றில் இறங்க மட்டும் விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் பாறைகளுக்கிடையே இழுப்பு மிகக் கடுமையானது, உயிர்கள் போயிருக்கின்றன. கரையோரப் புதர்களில் மூன்று இலைகளாகக் கிளைக்கும் பாய்சன் ஐவி இருக்கும். தொட்டால் தோல் கொப்பளிக்கும். புல்வெளியில் நடந்து திரும்பியதும் எல்லோருடைய கால்களிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே காரில் ஏறுங்கள்.