2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் அமோக வெற்றி: இப்போதே சொல்ல முடியுமா?

வைகைக்கரையான்:
2028இல் வெல்பவர், அவர் எக்கட்சியினராக இருந்தாலும், மாகாணவாரியான வாக்குகளைக் கொண்டு அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 350க்கும் மேல் பெறுவார் என்பது என் கணிப்பு. எக்கட்சிக்கும் உறுதியில்லாத இழுபறி மாகாணங்கள் ஆளுக்கொரு திசையில் போவதில்லை. 2024இல் அவை ஏழும் ஒருசேர டிரம்ப்பிடம் சென்றதால்தான், நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடே முந்திய அவருக்கு 312 கிடைத்தது. முன்னிலை சற்றுக் கூடினால் 350 தானாக வந்துவிடும்.

தென்பொருநை:
அந்தத் 'தானாக' என்னும் இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. கமலா ஹாரிஸ் பெற்ற 226உடன் அந்த ஏழு மாகாணங்களின் 93ஐயும் கூட்டினாலும் ஜனநாயகக் கட்சிக்கு 319தான் தேறுகிறது. 350ஐத் தாண்ட வேண்டுமானால், டிரம்ப் ஏறத்தாழ 13 விழுக்காடு வித்தியாசத்தில் வென்ற ஃபுளோரிடாவையோ டெக்சாஸையோ நடைமுறையில் பறித்தாக வேண்டும். 1984இல் 49 மாகாணங்களை வென்ற ரேகனுக்குக் கலிபோர்னியாவும் நியூயார்க்கும்கூட வாக்களித்தன. இன்று அவ்விரண்டையும் குடியரசுக் கட்சியினரே தம் கணக்கில் சேர்ப்பதில்லை. 1988இல் மூத்த புஷ் 426 பெற்றபின் எவரும் 400ஐத் தொடாததன் காரணம் இதுவே. அலை வீசும் என்று அறிவித்தவர்கள் பட்ட பாடும் தெரிந்ததே: 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் கருத்துக்கணிப்புக்காக ஒரு கோடி வாக்கு அட்டைகளை அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்த குடியரசுக் கட்சியின் லாண்டனுக்கு 370 என்றது. அவர் பெற்றது 8.

வைகைக்கரையான்:
அதே 1936இல் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் பொறுப்பாளர் ஜேம்ஸ் ஃபார்லி, மெய்னும் வெர்மான்ட்டும் நீங்கலாக எல்லா மாகாணங்களும் தம் தலைவருக்கே என்றார், அப்படியே நடந்தது. இதழ், தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களை நம்பியது. ஃபார்லி ஊர்தோறும் இருந்த கட்சிக்காரர்களைக் கேட்டார். தவிர, நீங்கள் ஒரு கட்சியின் கணக்கை மட்டுமே போட்டிருக்கிறீர்கள். ஹாரிஸ் 6 விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்ற நியூ ஹாம்ப்ஷயர், மினசோட்டா, வர்ஜீனியா, நியூ ஜெர்சி ஆகிய நான்கும் சாய்ந்தால் குடியரசுக் கட்சிக்கு 353.

குறிஞ்சி:
1980ஐ இருவரும் விட்டுவிட்டீர்கள். கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப்பின் கடைசிக் கணிப்பு ரேகனுக்கு 3 விழுக்காடு முன்னிலையே தந்தது. அவரோ கார்ட்டரை ஏறத்தாழ 10 விழுக்காட்டில் வென்று 489 பெற்றார். இருவரும் மோதிய ஒரே விவாதம் வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்புதான் நடந்தது. அலை வரக்கூடும், வருமுன் கண்ணில் படும் என்பதற்குத்தான் உத்தரவாதமில்லை.

தென்பொருநை:
குறிஞ்சி சொல்வது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. வைகைக்கரையான் காட்டும் 353க்கு, டிரம்ப்பின் ஒன்றரையோடு இன்னும் ஆறு விழுக்காடு சேர வேண்டும். அவர் 'சற்று' என்றது இதைத்தான். 2020இல் பைடன் நான்கரை விழுக்காடு முந்தியும் 306உடன் நின்றார். ஒபாமா 2008இல் ஏழு விழுக்காடு முந்தி 365 பெற்றது உண்மையே. ஆனால் செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்த பிறகே அவருடைய முன்னிலை உறுதிப்பட்டது. 2006இல் அமர்ந்துகொண்டு அதை யார் கணித்திருக்க முடியும்?