கருவி வாங்குமுன் சிம்மைப் பாருங்கள்: ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்காக

வெளிநாட்டில் இருக்கும் சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு ஊர் வரும்போது அம்மா அப்பாவுக்கு என்ன வாங்கி வரலாம் என்று பலரும் கேட்கிறீர்கள். கேமரா, கைக்கடிகாரம், பெரிய திரை என்று பட்டியல் நீள்கிறது. அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது அவர்கள் கைப்பேசியில் இருக்கும் சிம். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். புலனம் (வாட்ஸ்அப்), வங்கி, மைசெஜாத்தெரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலி, கிளினிக்கிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் அந்த ஓர் எண்ணை நம்பித்தான் இருக்கின்றன.

நம் ஊரில் வயதானவர்களின் சிம் பெரும்பாலும் பிள்ளையின் ஐசியில் (அடையாள அட்டையில்) எடுத்ததாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை இப்போது லண்டனிலோ மெல்பர்னிலோ இருப்பார். கைப்பேசி பாசாரில் தொலைந்தால் மாற்று சிம் வாங்க யார் பெயரில் பதிவோ அவரே ஐசியோடு போய் நிற்க வேண்டும். அம்மா போனால் கொடுக்க மாட்டார்கள். ஆகவே இந்த முறை வரும்போது இருவருமாகக் கவுண்டருக்குப் போய் எண்ணை அம்மா பெயருக்கே மாற்றிவிடுங்கள். இரண்டு ஐசியும் கையில் இருக்கட்டும்.

"காசு இருக்குப்பா, ஆனா லைன் போக மாட்டேங்குது" என்று சொன்னால் அது பெரும்பாலும் பிரீபெய்ட் தேதி முடிந்த கதை. மீதிப் பணம் வேறு, செல்லுபடித் தேதி வேறு. தேதி தாண்டிச் சலுகை நாளும் போய்விட்டால் எண் இன்னொருவருக்குப் போய்விடலாம். பிறகு வங்கியில் பதிந்த எண்ணை மாற்றப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். ஓராண்டு நீட்டிக்கும் வசதியை வாங்கி வைக்கலாம். அதைவிட நல்லது, அவர்கள் பெயரிலேயே ஆகக் குறைந்த போஸ்ட்பெய்ட் எடுத்து, மாதக் கட்டணத்தை உங்கள் மலேசியக் கணக்கிலிருந்து தானாகக் கழிய விடுவது. மாதம் சில வெள்ளி (ரிங்கிட்) கூடும். தேதியை எண்ணும் வேலை இல்லை.

அடுத்தது கைப்பேசி. மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி நின்றுவிட்டது. வோல்டி (4ஜியிலேயே அழைப்பு பேசும் வசதி) இல்லாத பேசியில் இணையம் 4ஜியில் ஓடும், அழைப்பு மட்டும் 2ஜிக்கு இறங்கும். டவுனில் வித்தியாசம் தெரியாது. தோட்டத்துப் பக்கம், செம்பனைக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் மணி அடிக்காமலே "மிஸ்ட் கால்" வந்து நிற்கும். வெளிநாட்டில் நீங்கள் பயன்படுத்திய பழைய பேசியைக் கொண்டு வந்து கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதியுங்கள். சில மாடல்களுக்கு இங்குள்ள நிறுவனங்கள் வோல்டியைத் திறந்துவிடுவதில்லை. சோதனை எளிது: சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து, பேசும்போதே மேலே உள்ள குறியைப் பாருங்கள். 4ஜி அப்படியே இருந்தால் சரி. 'ஈ' அல்லது 2ஜி என்று மாறினால் அந்தப் பேசி அவர்களுக்கு வேண்டாம்.

விரல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது நாற்பது வருடம் பால் மரம் (ரப்பர்) வெட்டிய கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், தோல் காய்ந்து தடித்திருக்கும். கைரேகைப் பூட்டு பத்துக்கு எட்டு முறை திறக்காது; அவர்கள் தங்கள் மேல்தான் தவறு என்று நினைத்துப் பேசியை ஓரம் வைத்துவிடுவார்கள். ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் பூட்டு வையுங்கள். காய்ந்த விரலைத் திரையும் சரியாக உணராது. சாம்சங் பேசியில் டிஸ்பிளே பகுதியில் 'டச் சென்சிடிவிட்டி' இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள், 'ஈஸி மோட்' போடுங்கள். எந்த ஆண்ட்ராய்டாக இருந்தாலும் 'அக்சஸிபிலிட்டி'யில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்குங்கள். பெரியவர்கள் மெதுவாக அழுத்துவார்கள்; பேசி அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு படங்களை இடம் மாற்றும், அழிக்கவும் கேட்கும். "ஆப் காணோம்" என்பது பாதி இதனால்தான். சேமநிதி அலுவலகத்திலோ வங்கியிலோ ரேகை வைக்கப் போகும் நாளில், வரிசையில் நிற்கும்போதே கட்டைவிரலில் கொஞ்சம் கிரீம் தடவித் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல நேரம் அதிலேயே பதிந்துவிடும்.

புலனத்தில் மூன்று வேலை. இரண்டு படிச் சரிபார்ப்பைத் திறந்து ஆறு இலக்க எண் போட்டு, மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைக் கொடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் புலன அழைப்பு ஒலிக்காதபடி 'பிரைவசி'யில் அமைத்துவிடுங்கள். மருத்துவமனை சாதாரண அழைப்பில்தான் வரும், அது தடைபடாது. ஊர் வரும்போது மூன்றாவதாக, குரல் பதிவு அனுப்பப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குங்கள். மைக் குறியில் விரலை வைத்து அப்படியே மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை எடுத்துவிட்டு எவ்வளவு நேரமும் பேசலாம். பிடித்துக்கொண்டே பேசச் சொன்னால் விரல் நழுவி, பாதிப் பேச்சிலேயே போய்விடும். அம்மாவின் புலனத்தை வீட்டில் உள்ள டேப்லெட்டிலும் இணைத்திருப்பவர்கள் கவனிக்க: மூலக் கைப்பேசி 14 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் டேப்லெட்டில் இணைப்பு அறுந்துவிடும். 120 நாள் தொடாமல் இருந்தால் கணக்கே நீக்கப்படலாம்.

பண விஷயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அப்பாவின் வங்கிச் செயலியை உங்கள் பேசியில் ஏற்றாதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் டேக் என்ற ஒப்புதல் எண்ணை விட்டு வங்கிகள் விலக வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் சொன்ன பிறகு, ஒப்புதல் ஒரே ஒரு சாதனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் அங்கே ஏற்றியதும் இங்கே அவருடையது செயலிழக்கும். திரும்ப மாற்றினாலும் பெரும்பாலும் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் நிற்கும் நாளில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டுக் கணக்கு ஒன்று திறந்து, செலவுக்கு வேண்டியதை மட்டும் டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்புங்கள். சேமிப்பு அவர்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

புலனத்தில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, பேசிக்குள் நுழையும் செயலி. நம் ஆள்கள் கல்யாணப் பத்திரிகையைத் திறக்காமல் விட மாட்டார்கள் என்பது அனுப்புகிறவனுக்கும் தெரியும். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்பதற்குள் போய், புலனம், குரோம், கோப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் அனுமதியை மூடிவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் போலீஸ் புகாருக்குக் காத்திருக்காமல் உடனே மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நிமிடக் கணக்கில் நகர்ந்துவிடும்.

கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) தேதிகளை மைசெஜாத்தெராவில் பார்க்கலாம், பதியலாம். பெற்றோரை உங்கள் கணக்கில் சார்ந்தவர்களாகச் சேர்த்தால் அங்கிருந்தே செய்யலாம். தொடர் மருந்தை மாதாமாதம் வரிசையில் நின்று வாங்க வேண்டியதில்லை. அஞ்சலில் அனுப்பும் சேவை இருக்கிறது. அதற்கு முதலில் மருந்தகக் கவுண்டரில் பதிய வேண்டும், அஞ்சல் செலவு நம்முடையது. இன்சுலின் எடுப்பவர்கள் அதற்கு மட்டும் நேரில் போவதே நல்லது; நம் வெயிலில் பொட்டலம் வாசலில் கிடக்கக் கூடாது.

ரத்த அழுத்தக் கருவி வாங்கினால் மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல் கையில் கட்டுவது. அதற்கு முன் தையல் நாடாவால் மேல் கையின் நடுச் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைதான். தடித்த கைக்கு அதைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், நீங்கள் அங்கே வீணாகப் பதறுவீர்கள். காலையில் மருந்துக்கும் பசியாறலுக்கும் முன், கோப்பி குடிக்காமல், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பட்டை நெஞ்சளவு உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. அளக்கும்போது பேசக் கூடாது, ஆகவே அந்த நேரம் வீடியோவில் கூப்பிடாதீர்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85ஐத் தொட்டோ தாண்டியோ தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் கூடியதை வைத்து மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள்.

கேமரா பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஹாலில் ஒன்று, வாசலைப் பார்த்து, அவர்கள் சம்மதத்தோடு. பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். மோடம் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் தனியாகப் பிரியுங்கள். சாயங்கால இடி மழையில் ஈஎல்சிபி (மின்கசிவுக் காப்பு விசை) விழுந்து வீடே இருண்டு கேமரா 'ஆஃப்லைன்' என்று காட்டும். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உடனே நினைக்க வேண்டாம். முதலில் அவர் கைப்பேசிக்கு அழையுங்கள், பிறகு பக்கத்து வீட்டுக்கு. இன்சுலின் இருக்கும் வீடு என்றால் அந்த விசையை யாராவது மேலே தூக்கிவிட்டார்களா என்று கேட்காமல் வைக்காதீர்கள், ஐஸ்பெட்டியும் அதில்தான் நின்றிருக்கும்.

குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால், கோடையில் ஏழு. அங்கே பகல் சாப்பாட்டு வேளைதான் இங்கே இரவு எட்டு. தூங்கப் போகுமுன் பேச அதுவே தோதான நேரம். நாளும் நேரமும் மாறாமல் இருந்தால் அவர்கள் பேசியைச் சார்ஜில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக் காத்திருப்பார்கள்.

கடைசியாக, ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தடித்த அட்டை ஒட்டுங்கள். கறுப்பு மார்க்கரில், இரண்டு விரல் உயரத்தில், அவசர உதவி எண்: 999. அதன் கீழே வீட்டு முகவரி மலாயில், தாமான் (குடியிருப்பு) பெயரும் பக்கத்து அடையாளமும் சேர்த்து. பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. பிறகு மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, கிளினிக் அட்டை எண், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் எண், நாட்டுக் குறியீட்டோடு உங்கள் எண். வங்கி எண்ணோ கடவுச்சொல்லோ அதில் வேண்டாம். மருந்து மாறும்போது அட்டையும் மாற வேண்டும், ஆகவே எழுதிய தேதியை மூலையில் போடுங்கள்.

சிம் யார் பெயரில் என்பதை இந்த வார அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். ஈப்போவிலோ கோலகங்சாரிலோ கவுண்டருக்குத் துணை வர ஆள் வேண்டுமென்றால், வரும் தேதியோடு இங்கே எழுதுங்கள்.