மறு: இதழமைப்பா, உதட்டுவாகா? (டிராம்போன் கலைச்சொற்கள்)

வணக்கம்.

ஊதுகருவியை ஊதும்போது உதட்டையும் வாயோரத் தசைகளையும் பிடிக்கும் விதத்தை ஆங்கிலத்தில் ஆம்புஷூர் (embouchure) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு நேற்று ஒரே வரியில் "உதட்டுவாகு" என்று எழுதிவிட்டுப் போனேன். விளக்கம் கேட்டு வந்த இரண்டு மடல்களுக்கும் சேர்த்து இந்தப் பதில்.

> ஆம்புஷூர் என்பதற்கு "இதழமைப்பு" போதுமே. உதடுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைத்தானே அது சொல்கிறது?

போன மாதம் வரை நானும் இதையே சொல்லியிருப்பேன். மூன்று வாரத்துக்கு முன்னால் என் டிராம்போனுக்கு (குழாயை நீட்டிச் சுருக்கிச் சுரம் மாற்றும் பித்தளை ஊதுகருவி) வேறு ஊதுவாய், அதாவது உதட்டில் வைத்து ஊதும் முனை, மாற்றினேன். அதன்பிறகு "அமைப்பு" என்ற சொல் எனக்கு ஒட்டவே இல்லை.

பல வருடங்களாக நான் ஊதியது வின்சென்ட் பாக் நிறுவனத்தின் ஊதுவாய் வரிசையில் 6½ஏஎல் என்ற அளவு. இப்போது 5ஜி. அந்த வரிசையில் எண் குறையக் குறைய விளிம்பின் விட்டம் கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் உதடு உடனே கண்டுகொண்டது. முதல் நாள் கீழ்ச்சுரங்கள் தாராளமாக, கனமாக வந்தன. மேலே போகப் போகச் சுருதி இறங்கியது, சுரம் ஒரு கணம் தாமதித்தே பேசியது. ஒரு மணி நேரம் தாங்கும் உதடு இருபது நிமிடத்தில் ஓய்ந்துபோனது.

கண்ணாடியில் பார்த்தேன். ஊதுவாய் அதே இடத்தில், அதே கோணத்தில்தான் இருந்தது. அமைப்பு மாறவில்லை. விளிம்புக்குள் அதிரும் சதை கொஞ்சம் கூடியிருந்தது, அதை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்ற கணக்கு வாயோரத் தசைகளுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

சுருதி இறங்கியதற்கு உதட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊதுவாயின் உட்குழிவான கிண்ணத்தின் கொள்ளளவு கூடினால் கீழ்ச்சுரங்களைவிட மேல்சுரங்கள் அதிகமாகத் தாழும். டிராம்போனில் நீட்டிச் சுருக்கும் சறுக்குக்குழாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம், குழாய் முழுதும் உள்ளே இருக்கும் முதல் நிலையில் மட்டும் முடியாது. அங்கே குழாய் ஏற்கெனவே முட்டி நிற்கும். குழாயை நகர்த்தாமல் உதட்டால் மட்டுமே எழுப்பும் இயல்சுரங்களில், அந்த நிலையின் ஐந்தாவது வேறு, பியானோவின் சுரத்தைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தே பிறக்கும். அது இன்னும் இறங்கிக் காதைக் குத்தியது. கடைசியில் கருவியின் மொத்தச் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் சுருதிக்குழாயை உள்ளே தள்ளி, முதல் நிலையையே ஒரு விரல்கடை வெளியே வைத்துக்கொண்டேன். தேவைப்படும்போது உள்ளே இழுக்க இடம் கிடைத்தது.

மற்றதெல்லாம் பொறுமைதான். பழைய ஊதுவாயைக் கண்ணில் படாமல் வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி ஊதினால் உதடு இரண்டுக்குமே பழகாது. ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் ஊதாமல் தினமும் பதினைந்து நிமிடமாக மூன்று தடவை, நடுச்சுரங்களை மெதுவாக, நீளமாக ஊதினேன். மேல்சுரம் வரவில்லையே என்று ஊதுவாயை உதட்டில் வைத்து அழுத்தத்தான் கை துடிக்கும். அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபட்டு உதடு மரத்துப்போகும், அப்புறம் வந்துகொண்டிருந்த சுரமும் வராது. பத்தாம் நாள் வாக்கில் ஒரு காலை, எதையும் யோசிக்காமல் மேல்சுரம் தானாக வந்து உட்கார்ந்தது.

அந்த நேரத்தில்தான் "வாகு" நினைவுக்கு வந்தது. உடல்வாகு என்றால் உடம்பின் அமைப்பு. கைவாகு என்றால் செய்து செய்து கைக்கு வந்த லாவகம். வடிவம், பழக்கம் இரண்டையும் இந்த ஒரே சொல் தாங்குகிறது. பேச்சிலும் தானாக உட்காரும்: "உதட்டுவாகு படிய மூன்று வாரம் ஆச்சு", "காய்ச்சலில் கிடந்து உதட்டுவாகு போய்விட்டது." இங்கே "இதழமைப்பு" என்று போட்டுப் படித்துப் பாருங்கள், இரண்டாவது வாக்கியம் ஏதோ விபத்து நடந்தது போல் ஆகிவிடும். ஆம்புஷூர் பிரெஞ்சில் வாயிலிருந்து பிறந்த சொல், ஆற்றின் முகத்துவாரத்துக்கும் அவர்கள் அதையேதான் சொல்கிறார்கள். அதனால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் பயன் இல்லை.

இதழ் வேண்டாம், உதடு போதும் என்பதற்கும் காரணம் உண்டு. வகுப்பில் யாரும் "இதழ் வலிக்கிறது" என்று சொல்வதில்லை.

> வாகு என்றால் தோள் என்றும் பொருள் உண்டே?

உண்டு. ஆனால் முன்னால் "உதடு" நிற்கும்போது யாருக்கும் தோள் நினைவுக்கு வராது. கைவாகில் வரவில்லையே.

உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பொருளுக்கு ஊதுவாய். சிலர் கேட்ட "ஊதுகிண்ணம்" வேண்டாம், கிளாரினெட்டின் ஊதுவாயில் கிண்ணம் கிடையாது. பித்தளைக் கருவிகளுக்கு மட்டும் தனித்துச் சொல்லவேண்டிய இடத்தில் "கிண்ண ஊதுவாய்" எனலாம், ஜெர்மன் மொழியிலும் இப்படித்தான் சொல்கிறார்கள். உதடு படுவது விளிம்பு. கருவிக்குள் செருகும் பகுதி காம்பு. சின்னக் காம்பைப் பெரிய துளையில் செருகினால் அளவுக்கு மீறி உள்ளே போய் ஆடும், பெரிய காம்பு சின்னத் துளையில் நுழையவே நுழையாது. வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான் என்பதால் "சின்னக் காம்பு", "பெரிய காம்பு" என்றே எளிதாக இருக்கட்டும்.

கிண்ணத்தின் அடியில் உள்ள குறுகிய துளைக்குத்தான் இன்னும் சரியான சொல் அமையவில்லை. "தொண்டை" என்றால் ஊதுபவரின் தொண்டையோடு குழம்பும். "மிடறு" அழகான சொல், ஆனால் குரலிசையை மிடற்றிசை என்கிறோம். "இடுக்கு" எப்படி? வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.