ஜெனரேட்டரில் மட்டும் மோட்டார் கொதிக்கிறது, ஏன்?

வள்ளியூர் தோட்டக்காரன்:
கரண்ட் போனால் எங்களுக்கு 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர்தான். அதில் ஓடும்போது மட்டும் 10 எச்பி மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. பேஸ்களுக்கு இடையே அளந்தேன்: 422, 398, 410 வோல்ட். இது பெரிய வித்தியாசமா அண்ணாச்சி?

பேட்டை வயர்மேன்:
சராசரி 410, விலகல் 12, ஆக கிட்டத்தட்ட 3 சதவீதம். கேட்கச் சின்னதுதான், ஆனால் மோட்டார் இழுக்கும் கரண்டில் அது 6 முதல் 10 மடங்கு வித்தியாசமாக நிற்கும், சூடு அங்கிருந்துதான் வருகிறது. வீடு, பிரிட்ஜ், வெல்டிங் எல்லாம் ஒரே பேஸிலா?

வள்ளியூர் தோட்டக்காரன்:
ஆமா, எல்லாம் ஆர் பேஸ்தான். ஆனால் ஈபி லைனில் ஒன்றும் ஆகவில்லையே?

பேட்டை வயர்மேன்:
அது தாமிரபரணி, நாலு குடம் மொண்டால் தெரியாது. உங்களுடையது வீட்டுத் தொட்டி. லோடை மூன்று பேஸுக்கும் பிரித்துவிட்டு, சாயங்காலம் எல்லாம் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி கரண்ட் அளப்பது) போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் விலகல் 5 சதவீதம் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது.

அம்பை ரைஸ்மில்:
நியூட்ரலையும் பாருங்க. எங்கள் மில்லில் நியூட்ரல் லக் (வயர் முனையை இணைக்கும் துண்டு) கருகி, ஒரு பேஸில் 270 வோல்ட் ஏறி டிவி போச்சு. பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே அளந்தால் இது தெரியாது, லோடு பக்கம் நியூட்ரலோடு வைத்து அளக்கணும்.